பழைய டப்பா, புதுப் பொடி

கார்த்திகை தீபம் வந்தால் எங்கள் கீழ்பென்னாத்தூரில் விருந்தாளி இல்லாத வீடு அபூர்வம். திருவண்ணாமலைக் கூட்டத்துக்குப் பயந்தவர்கள் எங்கள் மொட்டை மாடியில் நின்றே ஜோதியைக் கும்பிட்டுக்கொள்வார்கள். கும்பிட்டு இறங்கியதும் என்ன கேட்பார்கள்? காப்பிதான்!

சென்ற தீபத்தின்போது அடுத்த வீட்டில் அந்தக் காப்பியே வினையாகிவிட்டது. கல்யாணமாகி மூன்று மாதமான மருமகள். மாமனார் ஓய்வுபெற்ற வாத்தியார்; கோபித்துக்கொள்ளத் தெரியாதவர். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மெள்ளத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். ஒரு வாரம் தினமும் தள்ளி வைத்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? போதாததற்கு, வந்திருந்த அத்தை ஒருத்தி, "கைப்பக்குவம் வரணும்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டாள்.

"எங்கம்மா போடுற மாதிரியேதான் போடுறேன் அக்கா" என்று என்னிடம் வந்து கண்ணைக் கசக்கினாள்.

போட்டுக் காட்டச் சொன்னேன். பித்தளை பில்டரில் பொடியை அமுக்கித் திணிக்காமல் குடையால் லேசாகத் தட்டினாள். கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிஷம் ஆறவிட்டு, முதலில் பொடி நனையும் அளவு ஊற்றி, பிறகுதான் நிரப்பினாள். பேஷான முறை! ஒரே ஒரு தப்பு: ஆறிய டிகாக்ஷனை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டாள். மணம் போய்க் கசப்புத்தான் மிஞ்சும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் டிகாக்ஷனை வைத்துச் சுட வைத்தால் போதும். ஆனால் அந்த ஒரு தப்புக்கு வாத்தியார் டம்ளரைத் தள்ளியிருக்க மாட்டார்.

எனக்குப் பொடி மேலேயே சந்தேகம். ஒரு கண்ணாடி டம்ளர் பச்சைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினேன். நீங்களும் செய்து பாருங்கள். காப்பிப் பொடியில் எண்ணெய்ப் பசை உண்டு, மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று அடியில் போய்விடும். இங்கே பாதிக்குப் பாதி முழுகிவிட்டது!

மாமியார் நெளிந்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு காலிப் பாக்கெட் வெளியே வந்தது. 2024-ல் பிரேசிலிலும் வியத்நாமிலும் மழை பொய்த்து, 2025 பிப்ரவரியில் அரபிகா கொட்டையின் உலகச் சந்தை விலை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டதல்லவா? அந்தச் சூடு இவள் முந்தானை முடிச்சு வரைக்கும் வந்திருக்கிறது. மலிவுப் பொடியை வாங்கி, யாரிடமும் மூச்சுவிடாமல் பழைய டப்பாவில் கொட்டியிருக்கிறாள். பாக்கெட்டில் அச்சிட்டிருந்தது: காப்பி 53, சிக்கரி 47. சட்டப்படி குற்றமில்லை, நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தால் போதும், அளவை அச்சிட்டால் சரி. படிக்கத்தான் ஆளில்லை!

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. நிறமும் திடமும் கொடுக்கும். காப்பி மணம் கிடையாது. நூற்றுக்கு இருபதுக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொட்டையில் பிளான்டேஷன் ஏ மணத்துக்கு. ரொபஸ்டா கொஞ்சம் சேர்த்தால் திடம். பீபரி என்பது இரண்டு விதைக்குப் பதில் ஒரே உருண்டை விதையாக விளைந்தது. உருண்டு உருண்டு ஒரே சீராக வறுபடும். வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். கருக வறுத்தால் எண்ணெய் மேலே கசிந்து, சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். எந்த மட்டக் கொட்டையும் கருக்கினால் ஒரே ருசிதான் என்பது சில கடைக்காரர்களுக்கும் தெரியும்!

அரைத்த பொடி நாளுக்கு நாள் மணம் இழக்கும். ஆகையால் மாதத்துக்கு ஒரு கிலோ என்று வாங்காமல், வாரத்துக்கு நூறு, இருநூறு கிராம் என்று அரைக்கச் சொல்லி வாங்குங்கள். டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். மிக நைஸாக அரைத்தால் பில்டர் அடைத்துக்கொள்ளும்.

செலவு? நல்ல பொடியில் பால் காய்ந்து பொங்கியதும் கலந்து, முக்கால் டம்ளராகக் கொடுக்கலாம் என்று மாமியாருக்குக் கணக்குச் சொன்னேன். அரை மனதோடு சம்மதித்தாள்.

மறுநாள் திருவண்ணாமலையிலிருந்து புதுப் பொடி வந்தது. வாத்தியார் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னிக்குக் காப்பி யார் போட்டது?" என்றாராம்.

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "தினமும் போடுறவள்தான்" என்றாளாம்.