காலையில் வா, மாலையில் வீட்டுக்குப் போ



செல்போன் பறித்ததாகவோ, தெருவில் நின்ற பைக்கை ஓட்டிச் சென்றதாகவோ பதினாறு வயதுப் பையன் பிடிபட்டான் என்று செய்தி வருகிறது. படித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். அவன் கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 24 மணி நேரத்துக்குள் அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்த அமர்வு அது. லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது. ஜாமீன் தருவதே பொது விதி. மறுத்தால்தான் காரணம் எழுத வேண்டும். ஆகவே, விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சில நாளோ சில வாரமோ இருந்துவிட்டுப் பையன் வீட்டுக்கு வந்துவிடுகிறான்.

வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் எங்கே இருப்பான்? அம்மா வேலைக்குப் போயிருப்பார். பள்ளிக்கூடத்தை அவன் எப்போதோ விட்டிருப்பான். தெருமுனையில் அதே கூட்டாளிகள் நிற்பார்கள். இந்தப் பகல் பொழுதைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவைப் பாருங்கள். குற்றம் செய்ததாகத் தெரிந்த பிறகும் குழுமம் அவனுக்குப் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். குழு ஆலோசனைக்குப் போகச் சொல்லலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். பெற்றோரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டுகள் வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். இவற்றோடு, பள்ளிக்குப் போ, தொழிற்பயிற்சிக்குப் போ, போதை மீட்புச் சிகிச்சைக்குப் போ என்றும் உத்தரவு போடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது அந்தப் பட்டியலின் கடைசியில்தான் வருகிறது.

அருமையான சட்டம். ஆனால் ‘போ’ என்று சொன்னால், போவதற்கு ஓர் இடம் வேண்டுமே! வந்தானா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே! ஒரு மாவட்டம் முழுவதையும் விரல்விட்டு எண்ணக்கூடிய நன்னடத்தை அலுவலர்கள் சுமக்கும்போது உத்தரவு காகிதத்தில் தங்கிவிடுகிறது. யாரும் கேட்காத வீடு, இல்லையென்றால் மதில் சூழ்ந்த இல்லம். இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லாததால்தான் நல்ல மனம் கொண்ட நடுவர்களும் தடுமாறுகிறார்கள்.

அந்த மதிலுக்குள் என்ன நடக்க முடியும் என்பதை 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில் பார்த்தோம். திருட்டு வழக்கில் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுவன் இறந்தான். இல்ல ஊழியர்கள் கைதானார்கள். அதைத் தொடர்ந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. அவரும் அறிக்கை கொடுத்தார். இல்லங்களைச் சீர்படுத்துவது அவசரம், சந்தேகமில்லை. இல்லத்துக்குப் போகவே தேவையில்லாத பையன்களை அங்கே அனுப்பாமல் இருப்பது அதைவிட அவசரம் என்பது என் கருத்து.

இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1848இல் திறக்கப்பட்ட லைமன் சீர்திருத்தப் பள்ளிதான் அந்த நாட்டில் மாநில அரசு நடத்திய முதல் சீர்திருத்தப் பள்ளி. 1969இல் அந்த மாநிலத்தின் இளைஞர் துறைக்குப் பொறுப்பேற்ற ஜெரோம் மில்லர் முதலில் உள்ளுக்குள்ளேயே திருத்தம் செய்ய முயன்றார். முடியவில்லை. பள்ளிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். 1972 ஜனவரியில் லைமனில் இருந்த பையன்கள் ஆம்ஹர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக வளாகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கல்லூரி மாணவர்களின் துணையோடு தங்கவைக்கப்பட்டார்கள். அங்கிருந்து சிறு இல்லங்கள், வளர்ப்புக் குடும்பங்கள், பகலில் வந்து போகும் மையங்கள் என்று பிரிந்து போனார்கள். ஊரே கொந்தளிக்கும் என்றார்கள். பின்னாளில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, மாற்று ஏற்பாடுகள் முறையாக அமைந்த பகுதிகளில் மறுபடி குற்றத்தில் சிக்குவது குறைந்திருந்தது. ஏனோதானோவென்று அமைந்த இடங்களில் குறையவில்லை. மூடியதால் மட்டும் பலன் வரவில்லை, எதைத் திறந்தார்கள் என்பதில்தான் பலன் இருந்தது.

சிகாகோவில் 1995இல் இன்னொரு வழி பிறந்தது. சிறார் காவல் இல்லம் நிரம்பி வழிந்தபோது, விசாரணையில் இருக்கும் பிள்ளைகளுக்காக மாலை நேர வருகை மையங்கள் தொடங்கினார்கள். பள்ளி விட்ட பிறகான நேரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் வம்பில் சிக்குகிறார்கள் என்பதால் மாலை நான்கு முதல் ஒன்பது வரை. வண்டி வந்து கூட்டிப் போகும், பாடமும் விளையாட்டும் உண்டு, இரவுச் சாப்பாடு போட்டுத் திரும்ப வீட்டில் விடுவார்கள். நடத்தியவை அந்தந்தப் பகுதி அமைப்புகள்தாம்.

நம் ஊருக்கு இப்படியொரு மையம் எப்படி இருக்கலாம்? பள்ளியை விட்ட பையன்கள்தான் இங்கே அதிகம் வருவார்கள் என்பதால் பகல் நேரம் முக்கியம். காலைச் சாப்பாட்டோடு தொடங்க வேண்டும். பசியோடு வருபவனிடம் எந்த ஆலோசனையும் ஏறாது. பஸ் காசு கொடுக்க வேண்டும். ஒன்பதரைக்குள் வரவில்லையென்றால் அம்மாவுக்கு ஒரு போன், மதியத்துக்குள் வீட்டுக்கு ஒரு ஆள். முற்பகலில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கான பாடம். பிற்பகலில் பைக் மெக்கானிக், ஏசி, வயரிங், முடிதிருத்தம் என்று கை பழகும் வேலை. குழுமத்துக்கு வாரம் ஒரு குறிப்பு. வாசலில் மட்டும் எந்தப் பலகையும் வேண்டாம். சிறாரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்வதும் கெடுதலாக முடியலாம். 1939இல் பாஸ்டன் பக்கம் கேம்பிரிட்ஜ், சாமர்வில் நகரங்களில் நூற்றுக்கணக்கான சிறுவர்களை வைத்து ஒரு முயற்சி தொடங்கியது. பாதிப் பேருக்குப் பல ஆண்டுகள் ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சில விஷயங்களில் மோசமாகவே இருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்களிடம் அந்தக் கெடுதல் தூக்கலாகத் தெரிந்தது. பையன்களைக் கூட்டமாகச் சேர்த்துச் சும்மா விட்டால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே நாலு கேரம் போர்டும் ஒரு டிவியும் வாங்கிப் போட்டு மையம் என்று பெயர் வைப்பதைவிட, தொடங்காமல் இருப்பதே மேல். சிறு குழு, பக்கத்தில் எப்போதும் பெரியவர்கள், வேலையில்லாத நேரம் மிகக் குறைவு. முதல் முறை சில்லறைத் தவறு செய்தவனை இங்கே வரவழைக்கவே கூடாது. அவனுக்குப் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்புவது போதும். இல்லத்துக்குப் போகும் அபாயத்தில் இருப்பவனுக்கான இடம் இது.

அடித்தளமே இல்லாமல் நாம் தொடங்க வேண்டியதில்லை. இந்திய மாகாணங்களில் முதன்முதலாகச் சிறார்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1920இல். சென்னைக் குடிசைப் பகுதிகளில் காவல்துறையின் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் பல காலமாக மாலை வகுப்பு நடத்துகின்றன. ஐடிஐக்கள் இருக்கின்றன. மாவட்டத்துக்கு மாவட்டம் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. இவற்றை ஒரு கூரையின் கீழ் சேர்த்து, சம்பளத்துக்கு ஆள் போட்டு நடத்துவது அரசின் வேலை. மாவட்டத்துக்கு ஒரு பகல் மையம் வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கலாம், சமையல் தெரிந்தவராக இருக்கலாம். உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு நாள் நேரில் போய், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்னால் இன்னது சொல்லிக்கொடுக்க முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கே என்ன பதில் கிடைத்தது என்பதை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்