லீவும் தீவும்

நெய்வேலியில் மாலை ஆறு மணிக்குச் சாயும் சூரியன் அந்தமானில் ஐந்து மணிக்கே கடலில் இறங்கிவிடுகிறது. கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். தீவுகள் ஏறக்குறைய பதிமூன்று பாகை கிழக்கே தள்ளிக் கிடப்பதால் பொழுது ஐம்பது நிமிடம் போல முந்திக்கொள்கிறது. டூர் பேக்கேஜில் போகும் தம்பதிகள் இதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் உணர்கிறார்கள். அட்டவணை போட்டவருக்கு முன்பே தெரியும். அதனால்தான் விடிவதற்குள் அறைக்கதவு தட்டப்படுகிறது.

நான்கு இரவு, ஐந்து பகல் என்று விற்கப்படும் பேக்கேஜ்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு. இறங்கிய அன்றே கோர்பின்ஸ் கோவ் கடற்கரை, செல்லுலார் சிறை, இருட்டியதும் அங்கேயே ஒலி-ஒளிக் காட்சி. மறுநாள் ரோஸ் தீவும் நார்த் பேயும். அடுத்த நாள் படகேறி ஹேவ்லாக், அதற்கும் அடுத்த நாள் நீல் தீவு, பிறகு போர்ட் பிளேர், விமானம், சென்னை, ஊர். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரை, 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதிய கடற்கரை. அங்கே உட்காரக் கிடைப்பது ஓர் அந்திப்பொழுது. அதிலும் பாதி போட்டோவுக்குப் போய்விடுகிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

இதைச் சுற்றுலா என்று சொல்லலாம். ஓய்வு என்று சொல்ல முடியாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் வாழும் ஒரு கணவன் மனைவிக்குத் தேவை இரண்டாவதுதான்.

நிலக்கரிச் சுரங்கம் இரவில் தூங்குவதில்லை. ராட்சதச் சக்கரத்தில் வாளிகளைப் பூட்டிய ஜெர்மானிய வெட்டு இயந்திரங்கள் மேல்மண்ணை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கன்வேயர் நின்றால் அனல்மின் நிலையத்துக்குத் தீனி குறையும். வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியையும் நீண்ட நாள் குவித்துவைக்க முடியாது, அது தானாகவே தீப்பிடிக்கும் சாதி. ஆகவே மூன்று ஷிப்ட். இந்த வாரம் காலை, அடுத்தது மதியம், பிறகு இரவு. அவர் இரவு ஷிப்ட் முடித்து வரும்போது அவள் பிள்ளைக்கு டிபன் கட்டிக்கொண்டிருப்பாள். அவள் பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பவளாக இருந்தால், அவர் கண்ணயரும் நேரத்தில் வாசலில் ஸ்கூட்டியைக் கிளப்பிவிடுவாள். மரம் அடர்ந்த சாலை, வட்டத்துக்கு வட்டம் வரிசையாக குவார்ட்டர்ஸ், வீட்டைச் சுற்றித் தோட்டம், எல்லாம் உண்டு. இருவரும் சேர்ந்தாற்போல் விழித்திருக்கும் ஒரு முழுப் பகல்தான் அரிது.

இந்த ஊரும் பயணச் சலுகையும் ஒரே வயதுக்காரர்கள். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவானது. மத்திய அரசு ஊழியர்களுக்கான விடுப்புப் பயணச் சலுகை, அதாவது எல்லோர் வாயிலும் புழங்கும் எல்.டி.சி., அதே ஆண்டில்தான் பிறந்தது. முதலில் சொந்த ஊர் போய் வரவே பணம் கொடுத்தார்கள், நாடு சுற்றிப் பார்க்கும் வசதி பின்னால் சேர்ந்தது. 2014 செப்டம்பரில் வந்த ஆணை சொந்த ஊர்ப் பயணத்துக்குப் பதிலாக அந்தமானுக்கு விமானத்தில் போகலாம் என்றது. விமானத் தகுதி இல்லாத கடைநிலை ஊழியருக்கும் அது பொருந்தும். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே போன தீவு இரண்டு மணி நேரத் தூரத்துக்கு வந்துவிட்டது. பொதுத்துறை நிறுவனங்களுக்கு விதி தனித்தனி. ஆனாலும் பக்கத்து வீட்டு வங்கி ஊழியரும் எதிர்வீட்டுத் தபால்காரரும் போய் வந்தால் நெய்வேலி சும்மா இருக்குமா?

வேறு நாட்டுத் தீவுக்குப் போனால் என்ன என்று கேட்டவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் பதில் சொல்லிவிட்டது. தில்லியிலிருந்து மதுரைக்கு என்று காட்டி, நடுவில் கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் சுற்றிவந்த ஸ்டேட் வங்கி ஊழியரின் கணக்கு அந்த வழக்கில் வந்தது. எல்.டி.சி. வரிவிலக்கு இந்தியாவுக்குள் செய்யும் பயணத்துக்கு மட்டுமே என்று நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். வருமான வரிச் சட்டமும் நான்காண்டு பிளாக் ஒன்றுக்கு இரண்டு பயணம், அதிலும் போக்குவரத்துக் கட்டணம் மட்டும் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. தங்கும் செலவு சொந்தக் கையிலிருந்து. நீலக் கடலும் வெள்ளை மணலும் வேண்டும் என்று ஆசைப்படும் சம்பளக்காரத் தம்பதிக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவுகள் இரண்டுதான்: ஒன்று அந்தமான், இன்னொன்று லட்சத்தீவு. லட்சத்தீவுக்கு அனுமதிச்சீட்டு, கொச்சிக் கப்பல், குறைந்த அறைகள் என்று ஆயிரம் தடை. ஆகவே அந்தமான்.

கதவு திறந்திருந்தும் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பதுதான் விஷயம். நம் அலுவலகங்களில் ஈட்டிய விடுப்பை எடுப்பவரைவிட விற்பவர் அதிகம். 'சரண்டர்' என்ற சொல் தெரியாத அரசு ஊழியர் வீடு தமிழ்நாட்டில் கிடையாது. 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டி மாநில அரசு சரண்டரை நிறுத்தியபோது, அதைத் திரும்பக் கொடு என்று ஊழியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தன. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்து, அக்டோபரிலிருந்து 15 நாள் சரண்டர் மறுபடி கிடைத்தது. பணத் தேவை உண்மையானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விடுப்பு கொடு என்று அதே வேகத்தில் யாராவது போராடியதுண்டா?

அரசுக்கும் இது வசதிதான். 2020 அக்டோபரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் எல்.டி.சி. பணவவுச்சர் திட்டத்தை அறிவித்தார். பயணம் போக வேண்டாம். கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கு, 12 விழுக்காடோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருளை வாங்கிப் பில் காட்டினால் போதும். ஊரடங்குக் காலத்தில் வேறு வழியில்லை என்பது சரி. ஆனாலும் கணவனும் மனைவியும் கடலோரம் உட்காருவதற்கு ஈடாக வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று ஓர் அரசாங்கம் நினைத்ததில் ஒரு மனப்போக்கு தெரிகிறது. பொதுத்துறை அதிகாரிகளுக்கு 2017 சம்பளத் திருத்தத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 35 விழுக்காடு வரை சலுகைகளைத் தாங்களே பொறுக்கிக்கொள்ளும் 'கஃபேட்டீரியா' முறை தொடர்ந்தது. இந்த முறையில் சலுகை மாதப் பணமாகிவிடும். மாதப் பணம் பிள்ளையின் கோச்சிங் கட்டணமாகிவிடும். கடலுக்குப் போக வேண்டிய காசு கோச்சிங் ஊரான கோட்டாவுக்குப் போகிறது.

ஓய்வு என்பது சும்மா ஒரு சொகுசு என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஆய்வு. நெதர்லாந்தைச் சேர்ந்த ஜெசிக்கா டி புளூம் குழுவினர் நீண்ட கோடை விடுப்பில் போன 54 ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உடல்நலமும் மனநலமும் விடுப்பு தொடங்கியதும் ஏறி, எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டன. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய இடத்துக்கு வந்துவிட்டன. இந்த இரண்டாவது செய்தியைப் படித்துவிட்டு 'அப்புறம் எதற்குப் போவது' என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் தூக்கமும் மறுநாள் இரவுக்குள் தீர்ந்துவிடுகிறது, அதற்காக யாரும் தூங்காமல் இருப்பதில்லை. அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது வேறு. நாளைத் தன் விருப்பப்படி கழித்தவர்களுக்கும், உடலையும் மனதையும் தளர விட்டவர்களுக்கும் பலன் கூடுதலாகக் கிடைத்தது. ஹாரன் அடிக்கும் டிரைவர் அந்த இரண்டையும் கெடுப்பவர்.

ஆகவே அந்தமான் போகும் தம்பதி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சுற்றிப் பார்க்கும் பாயிண்ட்டுகளை வெட்டுவது. செல்லுலார் சிறையை விடக் கூடாது, 1906-இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் வருவது நன்றி கெட்ட செயல். அதற்கு ஒரு பிற்பகல் போதும். பாராடாங் சுண்ணாம்புக் குகைக்காக நடுராத்திரியில் எழுப்பி, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாக வண்டிவரிசையில் இழுத்துப்போகும் பயணத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம். அந்தச் சாலையில் வெளியூர் வாகனம் போகாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது, போகாமல் படுத்துறங்குவது நமக்கும் நல்லது. மிச்சமிருக்கும் அத்தனை இரவையும் ஹேவ்லாக்கிலோ நீல் தீவிலோ ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம். 2018-இல் இந்தத் தீவுகளுக்கு ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். 2024-இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் தண்ணீர் அதே நிறம்தான்.

மொழி குறித்த பயமும் வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் வாழ்பவர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் கொண்டிருக்கிறான். சாம்பார் கிடைக்கும். மனைவிக்குச் சமையல் இல்லாத நாள், கணவனுக்கு ஷிப்ட் இல்லாத நாள், இருவருக்கும் அலாரம் இல்லாத காலை, இவை மூன்றும் ஒன்றாகச் சேர்வதே பெரிய விஷயம். 'பிள்ளைகளை விட்டுவிட்டு ஜோடியாகப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற தயக்கம் இன்னும் ஐம்பது வயதுக்காரர்களிடம் இருக்கிறது. தேனிலவு முடிந்தால் தம்பதிக்கு இனி கோயில் மட்டும்தான் என்று யார் எழுதிவைத்தார்களோ தெரியவில்லை. ராமேஸ்வரமும் தீவுதான், அங்கே போய் இருபத்திரண்டு தீர்த்தத்தில் ஓடி ஓடிக் குளித்துவிட்டு வருகிறார்கள். புண்ணியம் உண்டு, ஓய்வு கிடையாது.

இதுவரை சொன்னது நிரந்தர ஊழியர் கதை. டவுன்ஷிப் வாசலைத் தாண்டி மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே சுரங்கம், அதே ராத்திரி. எல்.டி.சி. என்ற மூன்றெழுத்து அவருக்கு இல்லை. 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், ஆண்டில் 240 நாள் வேலை செய்தால் இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று எழுதியிருந்தது. நிலத்தடிச் சுரங்கமானால் பதினைந்து நாளுக்கு ஒரு நாள். 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த 240-ஐ 180 ஆக்கியது. சட்டம் நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரிக்கவில்லை. ஆனால் கான்ட்ராக்டர் மாறினால் வேலை நீடிக்குமா என்ற கவலையில் இருப்பவர் ஒரு வாரம் லீவு கேட்டு நிற்பாரா? 2023 ஜூலையில் பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது நிரந்தரமும் கூலியும்தான் பேச்சாக இருந்தன. அது நியாயம். விடுப்பும் கூலியின் ஒரு பகுதிதான் என்பது மட்டும் பேச்சில் வரவில்லை.

அவருக்கு விமானம் வேண்டியதில்லை. நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் பிச்சாவரம் இருக்கிறது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். சுரபுன்னை மரங்கள் கவிந்த கால்வாய்களும், இடையிடையே சின்னச் சின்னத் திட்டுகளும், கடைசியில் வங்கக் கடலை ஒட்டி ஒரு மணல்மேடும் கொண்ட இடம். எம்.ஜி.ஆர். 'இதயக்கனி'க்காக இங்கே வந்தது 1975 வாக்கில். கடலூர் மாவட்டம் இந்தக் காட்டுக்குப் பட்ட கடன் பெரியது. 2004 சுனாமியில் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மரங்கள் மறைத்த ஊர்களில் சேதம் குறைவு என்பதை 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இந்தக் கரையை வைத்தே காட்டியது. துடுப்புப் படகில் நிதானமாகப் போகத் தெரிந்தவர்களுக்கு இதைவிட அமைதியான இடம் வட தமிழகத்தில் இல்லை. பத்து மணிக்கு வந்து, ஒரு சவாரி, ஒரு செல்ஃபி, பன்னிரண்டு மணிக்குப் பரோட்டாக் கடை என்று ஓடுவதால்தான் அதுவும் இன்னொரு பாயிண்ட்டாகிவிட்டது. குறைந்த வாடகையில் இரண்டு இரவு தங்க வசதி செய்து, படகோட்டிகளுக்கும் அதில் வருமானம் வைத்தால் அது ஏழைத் தம்பதியின் ஹேவ்லாக் ஆகும். சுற்றுலா வளர்ச்சிக் கழகம் செய்யக்கூடிய வேலைதான் இது.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. பிரான்சில் 1936-இல் லியோன் புளூம் அரசு எல்லாத் தொழிலாளிக்கும் இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. கூடவே ரயில் கட்டணத்தையும் குறைத்தது. அதுவரை கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு முதல் முறையாகக் கடற்கரைக்குப் போனார்கள். விடுப்பு ஒரு கையில், டிக்கெட் இன்னொரு கையில் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததுதான் அதிலிருந்த கெட்டிக்காரத்தனம்.

நெய்வேலித் தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கட்டும்: நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை, விற்க முடியாத ஏழு நாள் தொடர் விடுப்பும், கணவன் மனைவி இருவருக்குமான பயணக் கட்டணமும். இருவரும் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தால் இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.