பேய்க்கு ஒரு நியாயம் வேண்டும்

கிறிஸ்துமஸ் இரவில் பேய்க்கதை சொல்வது இங்கிலாந்தின் பழைய வழக்கம். 1843இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' குறுநாவலில் ஆவிகள் வருவதே ஏழைகளைத் திரும்பிப் பாராத ஒரு கஞ்சனை உலுக்கத்தான். நம் டிசம்பர் திகில் கதைகளோ பெரும்பாலும் பனி, ஊட்டி பங்களா, கிறீச்சிடும் கதவு என்று நின்றுவிடுகின்றன. ஊட்டி ரயில் புறப்படும் மேட்டுப்பாளையத்தில் இந்தக் கதைகள் இறங்குவதில்லை. அங்கேதான் 2019 டிசம்பர் 2 விடிவதற்கு முன், கனமழையில் மதில் சுவர் சரிந்து, நடூரின் தலித் குடியிருப்பில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. இதைவிடப் பெரிய திகில் எது? 'காஞ்சனை' என்ற பேய்க்கதையை எழுதிய புதுமைப்பித்தனின் மொழி நம்முடையது. இளம் எழுத்தாளர்களே, நியாயம் கேட்கும் பேய்களை எழுதுங்கள்.