சுழலும் வட்டம்

விடியற்காலை நாலு மணி. சிகாகோவில் பேத்திக்கு அரங்கேற்றம். மயிலாப்பூரில் எதிர்வீட்டு மாமி குளித்துப் பட்டுடுத்திக் காத்திருக்கிறார். டி.வி.யில் பேத்தி ஆடவில்லை, வட்டம்தான் சுழல்கிறது! என்னைக் கூப்பிட்டார்.

சகோதரிகளே, இப்படி நேர்ந்தால் பதறாதீர்கள். வேறொரு செயலியைத் திறந்து பாருங்கள். அது ஓடினால் கோளாறு முதல் செயலியில். அதன் 'கேஷ்' சேமிப்பை மட்டும் அழியுங்கள். 'டேட்டா'வை அழித்தீர்களோ, கடவுச்சொல்லைத் தேடி வீடெல்லாம் அலைய நேரும்! எதுவுமே ஓடாவிட்டால் வைஃபை பெட்டியை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்துப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டி.வி.யின் தேதியைப் பாருங்கள். தேதி தப்பானால் பாதுகாப்புச் சோதனையில் தடைப்பட்டுப் படம் வராது.

மாமி வீட்டில் அதுதான் சங்கதி. இரவு மின்சாரம் போய் வந்ததில் தேதி 1970 என்றிருந்தது! திருத்தினேன். மங்களம் மட்டுமே மிச்சம்.

"நமஸ்காரம் பண்றதைப் பார்த்துட்டேனே, போதும்" என்றார் மாமி.