வயிற்றுக் கிருமியும் வளரும் பிள்ளைகளும்

வயிற்றெரிச்சலை நம் நெசவாளர் வீடுகளிலும் தோட்டத்து வீடுகளிலும் ஒரு வியாதியாகவே எவரும் கருதுவதில்லை. நேரம் தவறி உண்டதன் பலன் என்று கூறி, கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, தறிக்குழியிலோ மஞ்சள் காட்டிலோ மீண்டும் இறங்கிவிடுகிறோம். அந்த எரிச்சலுக்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் அக்கிருமியை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இரு வைத்தியர்கள் 1982-இல் வளர்த்துக் காட்டினர். இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்ற பழைய எண்ணம் அதனால் மாறியது. 2005-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1994-இலேயே இக்கிருமியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றுள் சேர்த்துவிட்டது.

இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தாரிடமிருந்தே தொற்றுகிறது. தொற்றியவருள் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருவதால் பீதிக்கு இடமில்லை. ஆனால் அந்தச் சிலருக்கு, பல்லாண்டுகள் ஓசையின்றி இரைப்பையைக் கெடுத்த பின்னரே நோய் வெளிப்படுகிறது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் முக்கியப் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக இடம் பெற்றுள்ளது. குடும்பத் தலைவன் படுத்தால் தறி நிற்கும்; தோட்டம் அடமானத்துக்குப் போகும்.

ஜப்பானில் சாகா மாகாணத்தார் 2016 முதல் பதினைந்து வயதையொட்டிய பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து வருகின்றனர். முதலில் சிறுநீர், பின்னர் மலம் எனச் சோதித்துக் கிருமி உறுதியானவர்க்கு மட்டும் சிகிச்சை அளிக்கின்றனர். அவ்வயதில் இரைப்பை பெரிதும் கெட்டிராது. இன்று குணமாகும் பிள்ளை நாளை தன் குழந்தைக்குக் கிருமியைக் கொடுக்கவும் மாட்டாது.

நம் பள்ளிகளில் குடற்புழு மாத்திரை கொடுப்பதுபோல இதையும் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கூடாது என்பதே நமது அபிப்பிராயம். இதற்குப் பல மருந்துகளைச் சேர்த்து, பெரும்பாலும் இரண்டு வாரம் தவறாது உண்ணவேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்றாகிய மெட்ரோனிடசோல், நம் நாட்டில் இக்கிருமியிடம் பல இடங்களில் பலிப்பதில்லை. சோதனையின்றி மருந்தை வாரி வழங்கினால் மற்ற மருந்துகளும் பயனற்றுப்போகும். குடிநீரும் கழிப்பிடமும் சீர்ப்படாத ஊரில் கிருமி மீண்டும் தொற்றவும் கூடும்.

எனவே நாம் வேண்டுவது அளவானது. கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரிகள் சில பள்ளிகளைத் தேர்ந்து, பெற்றோர் சம்மதத்துடன் பிள்ளைகளைச் சோதித்து, நம் வட்டாரத்தில் பலிக்கும் மருந்து எதுவெனக் கண்டு சொல்லட்டும். அதுவரை, இரைப்பைப் புற்றுநோய் கண்ட குடும்பங்களின் பிள்ளைகளை வைத்தியரிடம் அழைத்துச் சென்று யோசனை கேட்பது அவசியம். அச்சோதனைச் செலவைப் பொதுநல நிதியிலிருந்து ஏற்க விதிகள் இடந்தருமா என்பதைச் சங்க நிர்வாகிகள் ஆராய்ந்து, வரும் பேரவையில் வைக்கவேண்டும்.

பாவில் அறுந்த இழையை அங்கேயே முடிந்துவிடுவது நம் தொழில் வழக்கம். துணியான பின் தேடுவதில் பயனில்லை என்பதை நம்மவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.