நிலவும் பொய்யாம்! நடந்ததும் நாடகமாம்!

"நிலவில் மனிதன் நடந்தானாம்! எல்லாம் ஏமாற்று வேலை அண்ணா! எங்கோ ஒரு கொட்டகைக்குள் மணலைக் கொட்டி, விளக்கைப் போட்டு, படம் பிடித்து உலகத்தையே ஏய்த்துவிட்டான் அமெரிக்காக்காரன்!"

தோழர்களே! இப்படிச் சொன்னவர் பஞ்சாங்கம் புரட்டும் பழைமைவாதி அல்ல. சந்திரனை ராகு விழுங்குகிறது என்று கதை அளப்பவரும் அல்ல. நம் தம்பி! கூட்டம் என்றால் கொடி கட்ட முதலில் ஏணி தூக்குகிற தம்பி! பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, காங்கேயம் சாலைத் தேநீர்க் கடையில் வந்து உட்கார்ந்து, கைப்பேசியை நீட்டிச் சொன்னான். சொன்னதோடு நின்றானா? "கேள்வி கேள் என்றுதானே பெரியார் சொன்னார்? நான் கேட்கிறேன்!" என்றான். சுற்றி இருந்த நால்வர் தலையாட்டினர்.

கேட்டதில் தவறில்லை. கேட்கத்தான் வேண்டும். பெரியார் தாம் சொல்வதையே அப்படியே நம்பாதே, உன் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பார் என்று ஊர் ஊராகச் சொன்னவர். ஆனால் தம்பி, அவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டாய். கேள்வி கேள் என்பது முதல் பாதி. கிடைக்கிற விடையை எடை போட்டுப் பார் என்பது மறு பாதி. விடை வந்த பிறகும் காதைப் பொத்திக்கொள்வதற்குப் பகுத்தறிவு என்று பெயரில்லை; அது மூடநம்பிக்கை மாற்றிக் கட்டிய வேட்டி!

சரி, எடை போட்டுப் பார்ப்போம்.

காற்றே இல்லாத இடத்தில் கொடி பறக்கிறதே என்கிறாய். பறக்கவில்லை தம்பி. காற்றில்லை என்பது தெரிந்தே கொடியின் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்றைக் கோத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கம்பி முழுவதும் நீளவில்லை; துணி சுருங்கி நின்றது. பெட்டியில் மடித்துக் கட்டிய துணியைப் பிரித்தால் மடிப்புக்கோடு இருக்குமா, இருக்காதா? இதை உலகத்துக்கே மடித்து அனுப்புகிற திருப்பூர்க்காரனுக்கா சொல்லித்தர வேண்டும்!

வானத்தில் விண்மீன் காணோமே என்கிறாய். நமது பொதுக்கூட்ட மேடையில் போகஸ் லைட் வெளிச்சத்தில் பேச்சாளர் நிற்கும்போது ஒரு படம் எடுத்துப் பார். பேச்சாளர் விழுவார். அவர் தலைக்கு மேலே இரவு வானத்தில் உள்ள விண்மீன் விழுமா? கண் கூசும் வெயிலில், வெள்ளை உடையில் நின்றவர்களை எடுத்த படம் அது.

நாடகம் என்கிறாய். நாடகத்தை நம்மிடமா சொல்கிறாய்? மேடையையும் திரையையும் கருவியாக்கி வளர்ந்த இயக்கம் நம்முடையது. அரிதாரம் எது, அசல் எது என்று நமக்குத் தெரியும். 1969 ஜூலை 20 அன்று நிலவில் முதன்முதலாகக் கால் வைத்தவர் நீல் ஆம்ஸ்ட்ராங். அவரும் ஆல்ட்ரினும் நிலவின் தரையில் எடுத்த நிழற்படங்களைப் புரட்டிப் பார். பெரும்பாலான படங்களில் நிற்பவர் ஆல்ட்ரின். பெரும்பாலான நேரம் கேமரா ஆம்ஸ்ட்ராங் கையில் இருந்ததால், அவர் இருக்கும் படங்கள் மிகச் சில! கோடி கோடியாகக் கொட்டி நாடகம் போடுகிறவன், கதாநாயகனைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்துவானா? நம் தெருக்கூத்துக்காரன்கூட அந்தத் தவறைச் செய்ய மாட்டானே!

இன்னொன்றும் கேள். அன்றைக்கு அமெரிக்காவுக்கு எதிரே நின்றது யார்? 1957-ல் ஸ்புட்னிக்கை ஏவி, 1961-ல் ககாரினை விண்ணுக்கு அனுப்பிய சோவியத் நாடு. ஆம்ஸ்ட்ராங் நிலவில் இருந்த அதே நேரத்தில், அவர்களுடைய லூனா-15 நிலவில் இறங்க முயன்று மோதி நொறுங்கியது. தோற்ற வேதனையில் இருந்தவர்களுக்கு, வென்றவன் செய்தது மோசடி என்று ஒரு துரும்பு கிடைத்திருந்தால் மாஸ்கோ மௌனமாக இருந்திருக்குமா? தேர்தலில் தோற்ற எதிர்க்கட்சி கையில் கள்ள ஓட்டுச் சீட்டு ஒன்று சிக்கினால் சும்மா விடுவார்களா?

அமெரிக்கா சொல்வதை நம்ப மாட்டேன் என்றால், நம் வீட்டுக்கு வா. நிலவைச் சுற்றிவரும் சந்திரயான்-2, ஆம்ஸ்ட்ராங் இறங்கிய இடத்தை 2021-ல் படம் எடுத்தது. அவர் விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பகுதி இன்னும் அங்கே நிற்கிறது. சந்திரயான்-3-ஐ நிலவில் இறக்கிப் பழக இஸ்ரோவுக்கு நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டது. எங்கே கிடைத்தது? நமக்குப் பக்கத்திலே, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும்! அந்தப் பாறை நிலவுப் பாறையை ஒத்தது என்று எப்படித் தெரிந்தது? அப்பல்லோ வீரர்கள் ஆறு முறை இறங்கி, பன்னிரண்டு பேர் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்ததால் தெரிந்தது. அவர்கள் போனது பொய் என்றால் நாமக்கல் மண்ணை வைத்துப் பார்த்த ஒத்திகையும் பொய். 2023 ஆகஸ்ட் 23 அன்று விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து இறக்கிக் காட்டியதும் பொய்! சொல்லத் துணிவாயா? பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடியில் பிறந்து, தமிழில் படித்து, 2008-ல் சந்திரயான்-1-ஐ அனுப்பிய மயில்சாமி அண்ணாதுரையின் உழைப்பும் பொய் என்பாயா?

இப்போது, நம் ஊர்க்காரன் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று சொல்கிறேன்.

நிலவில் ஆம்ஸ்ட்ராங் உயிரோடு நின்றது எதனால்? உடையால். இருபத்தொரு அடுக்கு கொண்ட உடை. அதைத் தைத்தது யார்? போர் விமானம் செய்கிற கம்பெனியா? இல்லை. பெண்களுக்கான உள்ளாடை தைத்து, பிளேடெக்ஸ் என்ற பெயரில் விற்றுவந்த கம்பெனி! அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், டோவர் என்ற ஊரில், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த பெண்கள்! நம் பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளைப் போன்றவர்கள்! ஒரு தையல் விலகினால் ஓர் உயிர் போகும். ஒரு குண்டூசி உள்ளே தங்கிவிடக் கூடாதென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் துண்டு முழுவதையும் தேடி ஒட்டிக் காட்டினால்தானே உனக்குப் புது ஊசி கொடுக்கிறார்கள்? அதே கண்டிப்பு, அதே கவலை, அதே விரல்கள்!

விண்கலத்துக் கணிப்பொறியின் நினைவகமும் நெய்யப்பட்டதே. மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் பெண்கள் உட்கார்ந்து, சின்னஞ்சிறு காந்த வளையங்களுக்குள் கம்பியைக் கோத்துக் கோத்து நெய்தார்கள். வளையத்துக்குள் போனால் ஒன்று. வெளியே போனால் சுழி. ஓர் இழை மாறினால் கணக்கே மாறும்.

ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் உழைத்த உழைப்பு அது. அதைப் பொய் என்கிறவன் வாஷிங்டன் மாளிகையைக் குட்டுவதாக நினைக்கிறான். குட்டு விழுவதோ டோவரில் குனிந்து தைத்தவளின் தலையில்!

அமெரிக்கா மேல் உனக்குக் கோபம் என்பது தெரியும். 2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி போட்டு நம் பனியன் தொழிலைத் தவிக்க விட்டார்கள். கோபப்படு! மேடை போட்டுக் கண்டித்துப் பேசு! ஆனால் வரி போட்டவனை எதிர்க்க, உடை தைத்தவளின் உழைப்பை மறுக்காதே.

"நிலவுக் கதைதானே அண்ணா, யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார் கூட இருந்த ஒருவர். நட்டம் இருக்கிறது தோழர்! 2023 மார்ச் நினைவிருக்கிறதா? வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் வெட்டுகிறார்கள், கொல்லுகிறார்கள் என்று காணொளிகள் பறந்தன. எங்கோ, என்றோ, வேறு காரணத்துக்கு நடந்தவற்றை எடுத்து ஒட்டிய பொய். போலி என்று காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து பார்த்துச் சென்றார்கள். ஆனால் அதற்குள், பக்கத்து மெஷினில் நேற்றுவரை தைத்தவன் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினான். அவன் தாய் ஊரிலிருந்து அழுதாள். பார்த்ததை ஆராயாமல் நம்புகிற பழக்கம்தான் அவனை விரட்டியது. நிலவில் தொடங்கும் அந்தப் பழக்கம் நம் தெருவில் வந்துதான் நிற்கும்!

ஆம்ஸ்ட்ராங் எப்படிப்பட்டவர்? பூமிக்குத் திரும்பும் வழியிலேயே, விண்கலத்தைக் கட்டியவர்களுக்கும் சோதித்தவர்களுக்கும் நன்றி சொன்னவர். உலகமே தலையில் தூக்கி வைத்து ஆடியபோது, சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போனவர். 25 ஆண்டு நிறைந்த 1994-ல், விண்வெளி உடைக் குழுவினருக்கு நன்றிக் கடிதம் எழுதி, அந்த உடை ஒழுங்காக வேலை செய்ததே அதன் அழகு என்று பாராட்டியவர். 1930 ஆகஸ்ட் 5-ல் பிறந்து, 2012 ஆகஸ்ட் 25-ல் மறைந்தார். தொழிலாளியை மறக்காத அந்த மனிதரைத் தொழிலாளி மறக்கலாமா?

தோழர்களே! 1934-ல் அண்ணா பெரியாரை முதன்முதலாகச் சந்தித்தது இதே திருப்பூரில்தான். நிலவில் மனிதன் இறங்கியதைப் பார்க்க அண்ணா இல்லை; ஐந்து மாதம் முன்பே, 1969 பிப்ரவரி 3-ல் நம்மைப் பிரிந்தார். இருவரும் இந்த மண்ணில் விதைத்தது ஒன்றே: அறிவுக்கு வேலை கொடு!

அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. நம் கம்பெனிச் செக்கிங் டேபிளைப் பாருங்கள். முதலாளி சொன்னான் என்று அங்கே ஒரு பீஸ் தேறாது. பக்கத்தில் இருப்பவள் சொன்னாள் என்று ஒரு பீஸ் கழியாது. வெளிச்சத்தில் பிடித்து, இழுத்துப் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்து, அதன் பிறகே தீர்ப்பு. பனியனுக்குக் காட்டும் அந்த நேர்மையைக் கைப்பேசியில் வருகிற செய்திக்கும் காட்டுங்கள். ஓட்டை இருந்தால் அங்கேயே ஒதுக்குங்கள், அடுத்தவனுக்கு அனுப்பாதீர்கள்.

கேள் தம்பி, கேட்டுக்கொண்டே இரு. விடை வரும்போது காதையும் திறந்து வை!