சேர்ந்து தங்குதலும் சேர்ந்து வாழ்தலும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஒரு சமயத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்ல வழிகள் பல உள்ளன. மேடை அமைத்துப் பேசலாம். ஒலிபெருக்கி கட்டலாம். துண்டுப் பிரசுரம் அச்சிட்டுப் பேருந்து நிலையத்தில் வழங்கலாம். சுவரில் வசனம் எழுதலாம். இந்நாளில் கைப்பேசிக்குள்ளும் பிரசங்கம் வந்துவிட்டது. எல்லாச் சமயத்தாரும் தத்தமக்கு இயன்ற அளவில் இவற்றைச் செய்து வருகின்றனர். ஆனால் கேட்பவன் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இதைச் சொல்கிறவர் தம் வீட்டில் எப்படி இருக்கிறார்? அடுப்படியில் எப்படி, பணப்பெட்டியின் அருகே எப்படி, தமக்குக் கீழே வேலை செய்பவரிடம் எப்படி? இக்கேள்விக்கு மேடையில் விடை கிடைக்காது. கூட வாழ்ந்து பார்த்தால்தான் கிடைக்கும்.

நான் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். சமயம் பரப்புதல் பற்றிப் பரப்புவோரும் எதிர்ப்போரும் நிறையவே எழுதியுள்ளனர். யாருக்குச் சொல்லப்படுகிறதோ அந்த அண்டை வீட்டுக்காரன் பேசுவது குறைவு. அந்த அண்டை வீட்டுக்காரனாக நின்றே இக்கருத்தை முன்வைக்கிறேன். ஒரு நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ள நேர்மையான வழி, அந்த நம்பிக்கையின்படி சிலர் ஒன்றுகூடி ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, கதவைத் திறந்து வைத்திருப்பதே என்பது என் துணிபு. இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூரைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டர் சென்றால் திருப்பத்தூர். அங்கே 1921 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது கிறிஸ்துகுல ஆசிரமம்.

அண்ணனும் தம்பியும்

அதனைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் தமிழரான டாக்டர் சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். இருவரும் மருத்துவர்கள்; பிரிட்டனில் நண்பர்களானவர்கள்; இல்லறம் ஏற்காதவர்கள். பேட்டன் அலோவா என்னும் ஊரில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் இங்கு வந்து கதர் உடுத்தினார் என்பதை நினைத்துப் பார்த்தால், அம்மாற்றத்தின் அளவு நமக்கு விளங்கும்.

அக்காலத்து மிஷன் வளாகங்களின் அமைப்பை வரலாறு பயில்வோர் அறிவர். நடுவில் துரைமார் பங்களா. எட்ட இந்திய ஊழியர் குடியிருப்பு. இருவருக்கும் ஊதியம் வேறு, உணவு மேசை வேறு, கையொப்பமிடும் அதிகாரமும் வேறு. 1910 ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இதைத் துணிந்து எடுத்துரைத்தவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. ஈகையும் தியாகமும் கண்டோம், இனி எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். சபையில் இருந்த பலருக்கு அது கசந்தது. 1912 இல் அதே அசரியா தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெயர் பெற்றார்.

எடின்பரோவில் சொல்லால் கேட்கப்பட்டதைத் திருப்பத்தூரில் இருவர் வாழ்ந்து காட்டினர். ஜேசுதாசன் அங்கே 'பெரியண்ணன்'; பேட்டன் 'சின்னண்ணன்'. இந்த இரண்டு சொற்களையும் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். வெள்ளையர் நாட்டை ஆண்ட காலம் அது. ஆளும் இனத்தில் பிறந்தவர், பொருள் படைத்தவர், ஒரு தமிழருக்குத் தம்பியாக அமைந்தார். சமத்துவம் பற்றி நூறு சொற்பொழிவுகள் ஆற்றினாலும் இவ்விரு முறைப்பெயர்களின் எடைக்கு ஈடாகுமா?

ஆசிரமத்தார்க்குச் சம்பளம் இல்லை. எளிய மரக்கறி உணவு, கதர் ஆடை, குறித்த வேளைகளில் வழிபாடு, சுற்றுப்புறக் கிராம மக்களுக்கு மருத்துவம் என்று அவர்களது நாட்கள் நகர்ந்தன. அவர்கள் எழுப்பிய ஜெபாலயமும் கோபுரமும் மண்டபமும் கொண்டு தென்னாட்டுக் கோயில் அமைப்பிலேயே விளங்குகிறது. நாட்டு மக்களின் துயரையும் அவர்கள் தம் துயராகவே கொண்டனர். 1932 இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற பேட்டன் போலீசாரின் தடியடிக்கு ஆளானார். அச்செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை சென்று விவாதிக்கப்பட்டது. அந்நிய மதத்தைக் கொண்டு வந்தவர் என்று அவரை ஏசியவர்கள்கூட, அவர் யார் பக்கம் நின்றார் என்பதை அன்று கண்டிருப்பார்கள்.

இது புதியதன்று

இப்படிக் கூடி வாழ்வது கிறிஸ்தவத்தின் தொடக்கத்திலேயே உண்டு. எருசலேமில் முதல் சீடர்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்து, அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்து வாழ்ந்ததாக விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. திருப்பத்தூருக்கு ஓராண்டு முன்பு, 1920 இல், ஜெர்மனியில் எபர்ஹார்ட் ஆர்னால்ட் என்பவர் புரூடர்ஹாஃப் என்ற பொதுவாழ்வுக் குடியிருப்பைத் தொடங்கினார். அதனைப் பொறாத நாஜி அரசு 1937 இல் அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. நம் காவிரிக்கரையில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், 1950 இல் மோன்ஷனென், ஹென்றி லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனத்தை நிறுவினர். 1968 இல் அதன் பொறுப்பை ஏற்ற பீட் கிரிஃபித்ஸ் 1993 இல் மறையும்வரை அதனோடு பிணைந்திருந்தார்.

பிற சமயங்களிலும் இவ்வுண்மை உண்டு. புத்தர் அறத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை, சங்கத்தையும் அமைத்தார். வள்ளலார் 1867 இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஜீவகாருண்யம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு வடலூர் முதலில் இலை போடுகிறது, விளக்கம் பிறகுதான்.

தடைகளுக்கு விடை

என் கருத்துக்கு எழக்கூடிய தடைகளையும் எண்ணிப் பார்த்தல் முறை.

முதலாவது, இது ஆசை காட்டி மதம் மாற்றும் மறைமுக வழியே என்பர். நம் அரசியலமைப்பின் 25 ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977 இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002 இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஓசூரைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தில் 2022 இல் அத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. 2023 இல் அதனை நீக்க அம்மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் வரும், போகும். நான் கேட்பது இதுதான்: தூண்டில் எங்கே மறைந்திருக்க முடியும்? ஒரு மணி நேரக் கூட்டத்தில் மறைக்கலாம். பத்தாண்டுகள் ஒரே தெருவில் குடியிருக்கும் வீட்டில் எதை மறைக்க முடியும்? அவர்கள் சண்டையிடுவதும் தெரிந்துவிடும், சமாதானமாவதும் தெரிந்துவிடும். மருந்து கொடுத்த கை கைம்மாறு கேட்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பார்க்கிறவனுக்கு ஏற்கவும் மறுக்கவும் போதிய காலம் கிடைக்கிறது. அவன் அறிவுக்கு இதைவிட மதிப்பளிக்கும் முறை வேறில்லை.

இரண்டாவது தடை கிறிஸ்தவர்களிடமிருந்தே வந்தது. ஆசிரமம், காவி, மரக்கறி உணவு இவையெல்லாம் மேற்சாதியாரின் சமய மரபிலிருந்து எடுக்கப்பட்டவை. சேரிகளிலிருந்து வந்த பெரும்பான்மைக் கிறிஸ்தவர்களின் வாழ்வு இதில் எங்கே என்று 1980களில் எழுந்த தலித் இறையியலாளர்கள் வினவினர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. இந்தியத் தன்மை என்பது ஒரு சாராரின் தன்மை மட்டும் ஆகிவிடக் கூடாது. ஆனால் திருப்பத்தூரின் உயிர்நிலை அதன் உடையிலோ உணவிலோ இல்லை. ஆண்டவனும் அடிமையும் எனப் பிரிந்து கிடந்த இரு இனத்தார் அண்ணன் தம்பியாய் ஒரே வரிசையில் அமர்ந்தனரே, அதில் இருக்கிறது. அன்று உடைக்கப்பட வேண்டிய சுவர் நிறச்சுவர். இன்று உடைக்கப்பட வேண்டியது சாதிச்சுவர். கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் சபைகள் தமிழகத்தில் இன்னும் உள்ளன என்பதை அச்சமயத்தாரே வருத்தத்துடன் ஒப்புக்கொள்கின்றனர். அந்தச் சபைகள் ஆயிரம் பிரசுரம் வழங்கினாலும், அண்டை வீட்டுக்காரன் முதலில் படிப்பது அந்தச் சுவரைத்தான்.

மூன்றாவது, இம்முயற்சிகள் பெருகவில்லையே என்பர். உண்மை. சாந்திவனத்தின் முதல் ஆண்டுகளில் நிலைத்துத் தங்கியவர் மிகச் சிலரே. துறவும் வறுமையும் எல்லார்க்கும் இயல்வன அல்ல. தொடங்கியவர் மறைந்தபின் பல இடங்களில் கட்டடம் நிற்கும், கூட்டுவாழ்வு தளரும். ஆயினும் உப்பின் அளவை வைத்து உணவை மதிப்பிடுவதில்லை. சிலரால் ஓரிடத்தில் இயன்றது என்பதே, இயலாது என்று சாதிப்போருக்குப் போதிய மறுப்பாகும்.

நம் ஓசூருக்கு என்ன?

நூறாண்டுக்கு முந்திய இந்தச் செய்தி நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நமக்குத்தான் மிகவும் வேண்டும்.

1970களில் ஓசூரில் சிப்காட் வளாகம் அமைந்தது. 1980 இல் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. 1987 இல் டைட்டன் கைக்கடிகாரங்கள் வந்தன. டைட்டன் தொடக்கக் காலத்தில் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களைச் சேர்த்து, வளர்ப்புப் பெற்றோர் போல் சிலரை அமர்த்தி அவர்களை வீடுகளில் குடியமர்த்தியது என்பர். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு வேலை மட்டும் போதாது என்று ஒரு தொழிற்சாலைக்கே அன்று தோன்றியிருக்கிறது!

இன்று ஓசூர் ஒரு மாநகராட்சி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்கிய தெருக்களில் இப்போது இந்தியும் ஒடியாவும் ஒலிக்கின்றன. ஜூஜூவாடி முதல் சூளகிரி வரை வாடகை அறைகளும் விடுதிகளும் நிறைந்துள்ளன. ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். இரவு ஷிப்ட் முடிந்து வருபவன் படுக்கும்போது பகல் ஷிப்ட்காரன் எழுந்து போகிறான். ஒரே பாயில் மாறி மாறி உறங்கும் இருவர், ஒருவர் ஊரை மற்றவர் அறியாமலே ஓராண்டைக் கழிக்கின்றனர். காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை. அட்வான்ஸ் தொகையைக் கேட்பதற்கு முன்பே சாதியைக் கேட்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. நாமும் பட்டம் பெற்ற பின் பலர் அங்கேதான் போகப் போகிறோம். நம் அண்ணன்மாரும் அக்காமாரும் முன்னரே போய்விட்டனர்.

இதனைச் சேர்ந்து தங்குதல் எனலாம். சேர்ந்து வாழ்தல் எனச் சொல்ல என் நா எழவில்லை. நெருக்கம் மட்டும் உறவாகிவிடாது. உறவுக்குச் சிலர் மனமுவந்து ஒரு நெறியை ஏற்க வேண்டும்.

ஏலத்தகிரி, மதகொண்டப்பள்ளி போன்ற நம் பகுதி ஊர்களில் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஓசூரில் புதிய சபைகளும் பல எழுந்துள்ளன. அவர்களுக்கு இந்த அண்டை வீட்டுக்காரனின் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. இன்னோர் ஒலிபெருக்கிக்கு ஆகும் பணத்தில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீடு எடுங்கள். உங்களில் நான்கு பேர், ஐந்து பேர் அங்கே கூடி வாழுங்கள். ஒருவர் தமிழர், ஒருவர் கன்னடர், ஒருவர் வடநாட்டவர் என இருக்கட்டும். எவர் எந்தச் சாதி என்று எவரும் கேட்காதிருக்கட்டும். அடுப்பு ஒன்று, கணக்கு நோட்டு ஒன்று, பாத்திரம் கழுவும் முறை எல்லாருக்கும் ஒன்று. வாரத்தில் ஒரு மாலை, தெருவில் யார் வந்தாலும் சோறு உண்டு என்று வையுங்கள். துறவறம் வேண்டியதில்லை, ஷிப்டுக்குப் போய் வருபவர்களே இதைச் செய்யலாம். இரண்டாண்டு செய்தாலும் போதும். உங்கள் சமயம் என்ன சொல்கிறது என்று நாங்களே வந்து கேட்போம். கேட்டபின் ஏற்பதும் ஏற்காததும் எங்கள் உரிமை. ஆனால் உங்களை மதியாதிருக்க எங்களால் இயலாது.

இவ்வேண்டுகோள் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. பகுத்தறிவு பேசுவோரும், பொதுவுடைமை பேசுவோரும், வள்ளலார் வழி நிற்போரும் இதே உரைகல்லில் தம்மை உரசிப் பார்க்கலாம். மாணவ நண்பர்களே, நாளை நாம் ஓசூரில் ஓர் அறையின் கதவைத் திறந்து நுழைவோம். உள்ளே முன்பின் அறியாத ஐவர் இருப்பர். அவர்களுக்கு நாம் அண்ணனாகவும் தம்பியாகவும் அமையப் போகிறோமா, வாடகையைப் பங்கிடும் ஆறாவது ஆளாக மட்டும் இருக்கப் போகிறோமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.